காற்றாடி சுற்றுகிறது, கரண்ட் பில் ஏன் இறங்கவில்லை?

பணகுடியில் இருக்கும் என் பெரியப்பா மகன் ஒவ்வொரு முறை ஈபி பில் வரும்போதும் போனில் கேட்பது ஒரே கேள்விதான். "வாசல்ல நின்னா எத்தனை காத்தாடி தெரியுது, எல்லாம் நம்ம ஊர்க் காத்துலதான் சுத்துது, எனக்கு மட்டும் ஏம்ல பில்லு குறைய மாட்டேங்கு?" நியாயமான கேள்வி. பதில் போனில் சொல்லி முடிக்கிற அளவில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலை. காற்றாலை மின்சாரம் மலிவுதான், அதில் சந்தேகம் வேண்டாம். 2012-இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காற்றாலைக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 3.51 ரூபாய். 2018-இல் அது 2.86 ஆக இறங்கியது. இடையில் 2017 பிப்ரவரியில், யார் குறைந்த விலைக்குக் காற்று மின்சாரம் தருவார் என்று நாட்டில் முதல்முறையாக ஏலம் விட்டார்கள், 3.46-க்கு வந்தது, அதே வருடம் டிசம்பரில் குஜராத் விட்ட ஏலத்தில் 2.43 வரை போட்டி போட்டுக் கீழே இறங்கினார்கள். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று பிறகு எல்லாருக்கும் தெரிந்து, இப்போது ஏலங்கள் 3 ரூபாய்க்கு மேலேதான் முடிகின்றன. எப்படிப் பார்த்தாலும் புதிதாக ஒரு அனல் நிலையம் கட்டி அதிலிருந்து வாங்குவதைவிடக் குறைவு. எரிபொருள் செலவே இல்லை, உக்ரைனில் போர் வந்தாலும் இந்தோனேசியாவில் நிலக்கரி விலை ஏறினாலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் வருகிற காற்று விலை கேட்பதில்லை.

நமக்கு இந்தக் காற்று கிடைத்ததே மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இடைவெளிகளால்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு கணவாய்களில் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கயத்தாறில் இறக்கை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களை வைத்து ஆரம்பித்தது, இன்று மாநிலம் முழுக்க 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முப்பந்தல், பணகுடி, கயத்தாறு, தேனி, உடுமலை, பல்லடம் என்று பார்க்கிற இடமெல்லாம் காற்றாடி. பல வருடம் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான், சமீபத்தில்தான் குஜராத் முந்தியது.

சரி, இவ்வளவு இருந்தும் பில் ஏன் ஏறுகிறது?

இந்தக் காற்றாடிகள் யாருடையவை என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். மின்வாரியத்துக்குச் சொந்தமாக இருப்பது மொத்தத்தில் 20 மெகாவாட்டுக்கும் குறைவு. மற்றதெல்லாம் தனியார். அதிலும் பெரும்பகுதி கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் தங்கள் மில்லுக்காக வைத்தது. மின்சாரம் மட்டும் காரணமில்லை, வருமான வரியும் ஒரு காரணம். தொண்ணூறுகளில் காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடத்திலேயே தேய்மானமாக, அதாவது லாபத்திலிருந்து கழிக்கும் செலவாக, காட்டிவிடலாம், பிறகு அது 80 சதவீதம் ஆனது, 2012-இல் நிறுத்தி, 2014-இல் திரும்பக் கொடுத்து, 2017-இல் 40 சதவீதமாக்கினார்கள். லாபம் கொட்டும் வருடத்தில் மார்ச் மாதத்துக்குள் ஒரு காற்றாடியை நட்டுவிட்டால் வரி மிச்சம். சினிமாக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள் என்று மில்லுக்கே சம்பந்தம் இல்லாதவர்கள்கூட முப்பந்தலில் காற்றாடி வாங்கிப் போட்டது இதனால்தான். காற்று எப்படி இருக்கிறது என்பதைவிட ஆடிட்டர் என்ன சொல்கிறார் என்பது முக்கியமாக இருந்த காலம் அது.

மில்காரரின் காற்றாடி பணகுடியில் சுற்றுகிறது, மில் பல்லடத்தில் இருக்கிறது. பணகுடியில் கிரிட்டில், அதாவது பொது மின்கம்பி வலையில், விட்ட யூனிட்டைப் பல்லடத்தில் எடுத்துக்கொள்கிறார், வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்தியதற்குக் கட்டணம் கட்டுகிறார். இதுவரை குழப்பம் இல்லை. பிரச்சினை 'பேங்கிங்'கில் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மில் தேவைக்கு மேலே யூனிட் குவியும். அதை வாரியத்திடம் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அடுத்த மார்ச் 31 வரை. தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு விற்கும்போது நூறு கிலோவைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கிலோ எண்பது ரூபாய் விற்கும்போது, ஒரு சின்னக் கழிவு போக, அதே தக்காளியைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வது மாதிரி. கடைக்காரர் மின்வாரியம். அவருக்கு வரும் நஷ்டம் எங்கேயோ ஏறத்தானே வேண்டும்? 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த இயந்திரங்களுக்கு இந்த வருடக் கணக்கு பேங்கிங் இல்லை, பழையவற்றுக்குத் தொடர்கிறது, அதைச் சுற்றி வழக்குகளும் தொடர்கின்றன.

மில்காரர்களைத் திட்டி முடித்துவிட வேண்டாம். அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வாரியத்திடம் பணம் இல்லாத காலத்தில் கடன் வாங்கி ஆயிரக்கணக்கான மெகாவாட்டை நட்டது அவர்கள்தான். வாரியத்துக்கு விற்ற காற்றாலைக்காரர்கள் ஒரு வருடத்துக்கு மேலும் பணம் வராமல் காத்திருந்திருக்கிறார்கள், அந்தத் தாமதத்துக்கு வட்டி வேறு. சீசனில் காற்று வெளுத்து வாங்கும்போது 'கிரிட் தாங்காது, நிறுத்து' என்று உத்தரவு வரும், இறக்கை சும்மா நிற்கும், அந்த யூனிட் போனது போனதுதான். கயத்தாறு, தேனி பக்கம் தப்பக்குண்டு என்று பெரிய 400 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன்கள் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, ஆனால் காற்றாடி நட்ட வேகத்துக்குக் கம்பி இழுக்காத பல வருடங்கள் வீணாகப் போயின.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலேயும் நாம் கொடுப்பது வாரியத்தின் அடக்க விலையை விடக் குறைவு. அந்தப் பள்ளத்தை அரசு மானியம் ஒரு பக்கம் நிரப்புகிறது, மில், தொழிற்சாலை, கடை ஆகியோர் கூடுதலாகக் கட்டும் பணம் இன்னொரு பக்கம் நிரப்புகிறது. கூடுதல் கட்டிக்கொண்டிருந்த மில் தன் சொந்தக் காற்றாடிக்கு மாறிவிட்டால் வாரியத்துக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் போகிறார். ஊருக்கு மலிவான மின்சாரம் கூடியிருக்கிறது, ஆனால் நம் பில்லைத் தாங்கிப் பிடித்த ஒரு கை விலகியிருக்கிறது. காற்றாலை அதிகமானதால் வீட்டு பில் ஏற வாய்ப்பிருக்கிறது என்று சொன்னால் அபத்தமாகத் தோன்றும், ஆனால் இந்த வழியாக அது நடக்கும்.

அப்புறம் காலம். தமிழ்நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களில். 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் போனது, அதுவரை அப்படி ஒரு தேவை வந்ததே இல்லை. எல்லா வீட்டிலும் ஏசி, வெளியே காற்று அசையவில்லை. நம் காற்று ஜூனில்தான் ஒழுங்காக ஆரம்பிக்கும், ஆடியில் அம்மியைப் பறக்கவிடும், ஐப்பசியில் படுத்துவிடும். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் கொடுத்த அதே காற்றாடிகள் ஜனவரியில் சில நாள் சில நூறு மெகாவாட்டுக்கே திணறும். வாரியம் வெளிச்சந்தையில் யூனிட் 10 ரூபாய்க்கு வாங்குவது ஏப்ரல் மாதத்து மாலையில். அந்த நேரத்தில் காற்று உதவிக்கு வராது. உதவிக்கு வருகிற ஆடி மாதத்தில் அவ்வளவு விலைக்கு வாங்க வேண்டிய நிலையும் பெரும்பாலும் இருக்காது. போதாததற்கு, பேங்கிங்கில் போட்ட யூனிட்டை மில்காரர் திரும்ப எடுக்கும் மாதங்களும் இந்த விலை ஏறும் மாதங்களோடு சேர்ந்தே வரும்.

அப்படியென்றால் ஆடியில் ஒரு யூனிட் காற்று மின்சாரம் வந்தால் வாரியத்துக்கு மிச்சமாவது என்ன? நிலக்கரிச் செலவு மட்டும். அனல் நிலையத்தோடு ஒப்பந்தம் போடும்போது இரண்டு விலை பேசுவார்கள். நிலையத்தைத் தயாராக வைத்திருக்க ஒரு நிலைக்கட்டணம், எரிக்கும் கரிக்கு ஒரு விலை. மின்சாரம் வேண்டாம் என்று நிறுத்தினாலும் நிலைக்கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, காற்றுக்கு 3 ரூபாய் கொடுத்து, கரியில் 4 அல்லது 5 ரூபாயைத் தவிர்க்கிறோம். மிச்சம் யூனிட்டுக்கு ஒன்றோ இரண்டோ ரூபாய்.

இதை வீட்டு பில்லில் வைத்துப் பார்ப்போம். இது என் தோராயக் கணக்கு. மாநிலம் பயன்படுத்தும் மின்சாரத்தில் வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு காற்று என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டும் வீட்டில் 50 யூனிட் காற்றிலிருந்து வந்தது. யூனிட்டுக்கு ஒன்றிரண்டு ரூபாய் மிச்சம் என்றால் 50 முதல் 100 ரூபாய். அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது அதே 500 யூனிட் வீட்டின் பில் 1,130-இலிருந்து 1,725 ரூபாய்க்குப் போனது. அந்தக் கட்டணத்தில் 501-வது யூனிட்டைத் தொட்டால், கீழே இருக்கும் ஸ்லாபுகளின் (கட்டண அடுக்குகளின்) சலுகையும் போய்விடும் என்பதால், பில் 1,958 ஆகும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். இரண்டு மாதம் காற்று மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு நாள் தாமதமாக வந்தாலே போய்விடும். (அதற்குப் பிறகும் கட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, இந்த ஸ்லாப் பொறி மட்டும் அப்படியே இருக்கிறது.) பில்லை இவ்வளவு ஏற்றியது காற்றாலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்றியது ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிய கடனும் அதன் வட்டியும், வருடக்கணக்கில் கட்டணத்தைத் திருத்தாமல் விட்டு ஒரே நாளில் திருத்தியதும். அதே மாதிரி காற்றாலை பில்லைக் குறைக்கும் என்று யாராவது வாக்குறுதி கொடுத்தாலும் நம்ப வேண்டாம்.

ரூபாயை மட்டும் பார்த்தால் இப்படி. ஆனால் 2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் அதற்கும் மேல். கோவையில் சின்னப் பட்டறைக்காரர்கள் ராத்திரி எந்த நேரத்தில் கரண்ட் வருகிறதோ அந்த நேரத்தில் ஆளைக் கூப்பிட்டு லேத் ஓட்டினார்கள், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகக்கூட மின்சாரம் போதவில்லை. அந்த வருடங்களில் மூச்சு விட முடிந்தது காற்று சீசனில்தான். ஜூனில் காற்று எடுத்ததும் வெட்டு குறையும், அக்டோபரில் காற்று விழுந்ததும் மறுபடி கழுத்தைப் பிடிக்கும். 2012 அக்டோபர், நவம்பர் அவ்வளவு மோசமாக இருந்ததற்குக் காற்று சீசன் முடிந்தது ஒரு பெரிய காரணம். ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரரைக் கேளுங்கள், டீசலில் எடுத்த யூனிட் அப்போது ஈபி விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆக, காற்றாலையின் பலன் பில்லில் வருவதைவிட, பில்லில் ஏறாத டீசல் செலவிலும் வீணாகாத வேலை நேரத்திலும்தான் நமக்கு வந்து சேர்ந்தது. அதை எந்த ரீடிங் மெஷினும் காட்டாது. என்னைக் கேட்டால் காற்றாலைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான பணக் கணக்கு இதுதான், ஆனால் அமைச்சர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, சொன்னால் மின்வெட்டை ஞாபகப்படுத்தியதாகிவிடும்.

இனி சுற்றுச்சூழல். இங்கே காற்றாலை ஜெயிப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஆனால் எப்படி ஜெயிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு நம் ஊர் நிலக்கரி முக்கால் கிலோவை ஒட்டி எரிகிறது, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. காற்றாலையில் இரும்பு உருக்கி, கோபுரம் செய்து, இறக்கை வார்த்து, லாரியில் கொண்டுவந்து நிறுத்தியது வரை எல்லாவற்றையும் சேர்த்து, அது ஆயுள் முழுக்கக் கொடுக்கும் யூனிட்டுகளில் வகுத்தாலும் யூனிட்டுக்கு 11, 12 கிராம்தான் வருகிறது. 2022 ஜூலையில் 12 கோடி யூனிட் வந்த அந்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கரியில் எடுத்திருந்தால் 80 ஆயிரம் டன்னுக்கு மேல் எரித்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு கப்பல் சுமை. ஒடிசாவின் தால்சர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூரும் தூத்துக்குடியும் என்று வருகிற கரி அது. அதில் மூன்றில் ஒரு பங்கு எரியாத சாம்பல்.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் எண்ணூருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் கலந்து, இறால் பிடித்த இடத்தில் சாம்பல் சேறாகி, மீனவர்கள் வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நான் தாம்பரத்தில் ஏசி போட்டுத் தூங்குகிறேன், சாம்பல் எண்ணூர்க்காரர் வலையில் விழுகிறது. இதற்கான விலை என் பில்லில் ஒரு பைசாகூட இல்லை. இருந்திருந்தால் அனல் மின்சாரத்தை மலிவு என்று யாரும் வாய்திறந்து சொல்லியிருக்க முடியாது. காற்றுக்கும் கரிக்கும் விலையை ஒப்பிடும் பட்டியல் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்தச் சாம்பல் கணக்கைத்தான், பெரும்பாலும் இருக்காது.

காற்றாலைக்கும் சாபம் உண்டு. கயத்தாறு, ராதாபுரம் பக்கம் ஆடு மேய்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வேலி விழுந்ததும் பாதை மாறியதும். ஏக்கர் சில ஆயிரத்துக்கு நிலத்தை விற்றவர்கள், பிறகு அதன் விலையைக் கேட்டு வயிறெரிந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. பெரிய இறக்கைகள் வரும்போது சாலை வளைவுகளில் மரம் போகிறது. இரவில் பக்கத்து வீட்டுக்கு அந்த 'வூஷ் வூஷ்' சத்தம் பழகிப்போகும் என்று சொல்பவர்கள் அந்த வீட்டில் படுத்துப் பார்க்காதவர்கள். இறக்கை கண்ணாடியிழையில் செய்தது, ஆயுள் முடிந்தால் உருக்கி வேறொன்று செய்ய எளிய வழியில்லை. காற்றாடி மழை மேகத்தை விரட்டிவிடுகிறது என்றும் எங்கள் பக்கம் பேசுவார்கள். அது மட்டும் உண்மையில்லை. மேகம் இறக்கைக்கு எட்டாத உயரத்தில் போகிறது, மேற்கு மலையின் மழை மறைவில் இருக்கும் ஊரில் காற்றாடி வருவதற்கு முன்னாலும் மழை குறைவுதான். ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு கோபம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மின்சாரம் பல்லடம் போகிறது, வரிச்சலுகை ஆடிட்டர் வழியாகப் போகிறது, ஊருக்கு மிஞ்சியது வாட்ச்மேன் வேலை. யூனிட்டுக்கு ஐந்து பைசா அந்தப் பஞ்சாயத்துக்கே போகும்படி செய்திருந்தால் மேகத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அடுத்து என்ன செய்யலாம் என்பதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். புதிய இடத்தில் நடுவதற்கு முன்னால், இருக்கும் நல்ல இடத்தில் நிற்கும் கிழடுகளை மாற்ற வேண்டும். முப்பந்தல் மாதிரி நாட்டிலேயே அருமையான காற்று அடிக்கும் இடத்தில் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் முப்பது வருடமாக நிற்கின்றன. இப்போது வருபவை இரண்டு மூன்று மெகாவாட், கோபுரம் நூறு மீட்டருக்கு மேல். இதற்கென்று 2024-இல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது, கட்டணங்களைப் பற்றி மில்காரர்களோடு இழுபறி. கடலில் காற்றாலை என்ற பேச்சும் ஓடுகிறது, 2024 ஜூனில் ஒன்றிய அரசு 7,453 கோடி ஒதுக்கியது, மன்னார் வளைகுடா பக்கம் 500 மெகாவாட், குஜராத்தில் 500. நிலத்தைவிட அது விலை அதிகம், மீனவர்களிடம் பேசி முடிக்காமல் ஆரம்பித்தால் இன்னொரு எண்ணூர். சேமிக்கவும் இடம் வேண்டும். ஆழியாறு பக்கம் காடம்பாறையில் 1980-களிலேயே தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் 400 மெகாவாட் நிலையம் கட்டியவர்கள் நாம், அதே மாதிரி நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு காற்று வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது பத்தாது. அதோடு, ஆடி, ஆவணி மாதத்து இரவில் காற்று மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் காற்றாடியை நிறுத்துகிற நாட்களில், வீட்டுக்காரருக்கு அந்த நேரத்து யூனிட்டை மலிவாகக் கொடுத்தால் என்ன? தொழிற்சாலைக்கு நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது, வீட்டுக்கு இல்லை. ஸ்மார்ட் மீட்டர் போட்ட பிறகும் இதைச் செய்யாவிட்டால் அந்த மீட்டர் எதற்கு?

கடைசியாக, மொட்டை மாடியில் சின்னக் காற்றாடி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு. வேண்டாம். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும், காற்றாடிக்கு அதுதான் விதி. மாடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், தென்னை மரம் எல்லாவற்றிலும் முட்டிச் சுழன்று வருகிற காற்றில் இறக்கை தலையை ஆட்டிக்கொண்டிருக்கும், மின்சாரம் வராது, அதிர்வில் மாடி விரிசல் விடும். அதே இடத்தில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட்டை ஒட்டி வரும், மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தகடு ஏப்ரல், மே மாதத்தில் நன்றாக வேலை செய்யும், நம் காற்று படுத்திருக்கும் அதே மாதங்களில். விண்ணப்பிக்கும் முன் மாடியில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை எங்கே நிழல் விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.